தி ஹர்ட் லாக்கர்: பார்த்தவர்களும் பார்க்கப்போகிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈராக்கில் வெடிகுண்டு எடுக்கும் அமெரிக்க வீரர்களைப் பற்றிய இந்தப் படத்தின் பேச்சு எங்கே வந்தாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். முதல் ஏழு பதில்களைப் படம் பார்க்காதவர்கள் தாராளமாகப் படிக்கலாம். எட்டாவதிலிருந்து கதை வெளிப்படும், பார்த்துவிட்டு வாருங்கள்.

1. இது என்ன படம்? கதைய ரெண்டு வரியில சொல்லுங்க.

2004-ம் ஆண்டு, பாக்தாத். அமெரிக்க ராணுவத்தில் மூன்று பேர் கொண்ட வெடிகுண்டு செயலிழப்புக் குழு ஒன்று. தெருவில் புதைத்தது, காரில் வைத்தது, மனிதர் உடம்பில் கட்டியது என்று எங்கே குண்டு இருப்பதாகத் தகவல் வந்தாலும் போய் எடுப்பது இவர்கள் வேலை. குழுவுக்குப் புதுத் தலைவனாக சார்ஜென்ட் வில்லியம் ஜேம்ஸ் வருகிறான். கைத்திறமையில் கெட்டிக்காரன், கட்டுப்பாட்டுக்கு அடங்காதவன். சான்போர்ன், எல்ட்ரிட்ஜ் என்ற மற்ற இருவரும் மிச்சமிருக்கும் 38 நாட்களை அவனோடு ஓட்டியாக வேண்டும்.

வில்லன், சதி, அதை முறியடிப்பது என்று போகும் கதை கிடையாது. ஒரு அழைப்பு, ஒரு குண்டு. அப்புறம் இன்னொரு அழைப்பு. ஜேம்ஸாக ஜெரமி ரென்னர், சான்போர்னாக ஆண்டனி மேக்கி, எல்ட்ரிட்ஜாக பிரையன் ஜெராட்டி. இயக்கம் கேத்ரின் பிக்லோ. 2008 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிட்டார்கள். அமெரிக்கத் தியேட்டர்களுக்கு 2009 ஜூனில் வந்தது.

2. உண்மைக் கதையா, கற்பனையா?

கற்பனைதான், ஆனால் கண்ணால் பார்த்ததிலிருந்து எழுந்த கற்பனை. திரைக்கதை எழுதிய மார்க் போல் அடிப்படையில் பத்திரிகையாளர். 2004-ல் ஈராக் போய், இப்படிப்பட்ட ஒரு குழுவோடு தங்கி, அவர்கள் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்தவர். வண்டிக்குள் நடக்கும் பேச்சும் வேலை முடிந்த இரவுகளில் வரும் அசட்டுத்தனமான அடிதடியும் அவ்வளவு இயல்பாக இருப்பதற்கு அது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஜேம்ஸ் என்னும் பாத்திரம் என்னைப் பார்த்து எழுதியதுதான் என்று ஒரு வீரர் நீதிமன்றம் வரை போனார். அது 13-வது கேள்வியில்.

3. ஈராக் போர் பத்தி எனக்கு எதுவும் தெரியாது. படம் புரியுமா?

புரியும். படமே அரசியல் எதையும் விளக்காது. இருந்தாலும் இந்த அளவு தெரிந்திருந்தால் நல்லது. 2003 மார்ச்சில் அமெரிக்கா தலைமையிலான படைகள் ஈராக்குக்குள் நுழைந்தன. ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்தது. மே மாதம், நாட்டை நிர்வகிக்க அமெரிக்கா நியமித்த பால் பிரெமர் ஈராக் ராணுவத்தையே கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் ஒரே உத்தரவில் வேலையிழந்தார்கள்.

இன்னொரு பக்கம், சதாம் ஆட்சி நாடெங்கும் குவித்துவைத்திருந்த வெடிமருந்துக் கிடங்குகள் பல, காவலே இல்லாமல் கிடந்து சூறையாடப்பட்டன. பீரங்கிக் குண்டுகள் மூட்டை மூட்டையாக வெளியே போயின. படத்தில் மண்ணுக்கடியிலிருந்தும் கார் டிக்கியிலிருந்தும் எடுக்கிறார்களே, அவை இந்த மாதிரி வெளியே போன சரக்குதான். இவ்வளவு குண்டு எங்கிருந்து வந்தது என்று படம் சொல்வதில்லை. ஒரே ஒரு வசனத்திலாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

4. ஐ.இ.டி., ஐ.இ.டி.ன்னு சொல்றாங்களே, அது கண்ணிவெடியா?

இல்லை. கண்ணிவெடி தொழிற்சாலையில் ஒரே அச்சில் தயாராவது. ஒன்றைக் கழற்றத் தெரிந்தால் அந்த வகை எல்லாவற்றையும் கழற்றலாம். ஐ.இ.டி. என்பது கையில் கிடைத்ததை வைத்து யாரோ ஒருவர் வீட்டிலோ பட்டறையிலோ செய்த குண்டு. பழைய பீரங்கிக் குண்டு, பேட்டரி, செல்போன் என்று என்ன வேண்டுமானாலும் அதில் இருக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. எடுக்க வருகிறவனைக் கொல்வதற்கென்றே பக்கத்தில் இரண்டாவது குண்டு வைப்பதும் உண்டு.

ஈராக்கில் எதிரித் தாக்குதலில் இறந்த அமெரிக்க வீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த வகைக் குண்டுகளால்தான் இறந்தார்கள். ஈராக்கியப் பொதுமக்களையும் சந்தைகளில், சாலைகளில், வழிபாட்டு இடங்களில் இவை கூட்டம் கூட்டமாகக் கொன்றன.

5. கேமரா ஏன் இப்படி ஆடிக்கிட்டே இருக்கு? தலை சுத்துது.

வேண்டுமென்றேதான். ஒளிப்பதிவாளர் பேரி அக்ராய்ட் சூப்பர் 16 மி.மீ. ஃபிலிமில், ஒரே நேரத்தில் நான்கு கேமராக்களை வெவ்வேறு இடங்களில் வைத்துப் படமாக்கினார். ஒன்று கீழே தரையில், ஒன்று மாடியில், ஒன்று தொலைவில். எந்தக் கேமரா தன்னை எடுக்கிறது என்று நடிகருக்குத் தெரியாது. கிட்டத்தட்ட 200 மணி நேரக் காட்சி சேர்ந்தது. அதைச் செதுக்கிய கிறிஸ் இன்னிஸ், பாப் முராவ்ஸ்கி இருவருக்கும் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது.

இதனால் என்ன ஆகிறது என்றால், குண்டின் மேல் குனிந்திருப்பவனை நாம் பக்கத்திலிருந்து மட்டும் பார்ப்பதில்லை. ஜன்னலிலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் யாரோ பார்ப்பது போலவும் பார்க்கிறோம். அந்த யாரோ வேடிக்கை பார்க்கிறவரா, கையில் ரிமோட் வைத்திருப்பவரா என்று தெரியாது. படத்தின் பதற்றம் முழுக்க இந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. தலை சுற்றினால் திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், குறையும்.

6. வீட்ல குழந்தைங்களோட பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவிலேயே ஆர் சான்றிதழ், அதாவது பெரியவர் துணையில்லாமல் சிறுவர்கள் பார்க்கக்கூடாத படம். ரத்தத்தையும் கெட்ட வார்த்தைகளையும் விட, ஒரு சிறுவனின் உடலுக்குள் குண்டு வைத்திருக்கும் காட்சி ஒன்று வருகிறது; பெரியவர்களுக்கே தாங்காது. குண்டுவீச்சையும் போரையும் நேரில் கண்டவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒலி ரொம்ப நிஜமாக இருக்கும்.

7. அவதாரையே தோற்கடிச்ச படம்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. 2010 மார்ச் 7 அன்று நடந்த 82-வது ஆஸ்கர் விழாவில் இரண்டு படங்களுக்கும் தலா 9 பரிந்துரைகள். அவதார் 3 விருது வாங்கியது, இது 6. சிறந்த படம், இயக்கம், மூலத் திரைக்கதை, படத்தொகுப்பு, ஒலிக்கு இரண்டு. இயக்கத்துக்கான ஆஸ்கரை வென்ற முதல் பெண் பிக்லோதான். அவதாரை எடுத்த ஜேம்ஸ் கேமரூன் அவருடைய முன்னாள் கணவர் என்பதால் பத்திரிகைகள் அதையே பெரிதாக எழுதின. பிக்லோ செய்த வேலைக்கு அது நியாயமான கவனிப்பு இல்லை.

வசூல் வேறு கதை. ஏறக்குறைய 1.5 கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் 2 கோடியைக்கூட எட்டவில்லை. அவதார் அப்போதே உலக அளவில் 200 கோடியைத் தாண்டியிருந்தது. தயாரிப்பாளர்களில் ஒருவர், அந்தப் பெரிய படத்துக்குப் போடாமல் எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள் என்ற பொருளில் மின்னஞ்சல் அனுப்பப் போய், விழாவுக்கே வரக்கூடாது என்று தடை வாங்கினார்.

8. கை பியர்ஸ் மாதிரி பெரிய நடிகர் பத்து நிமிஷத்துல செத்துட்டாரே, அதுக்கு எதுக்கு அவர்?

அதற்காகவேதான் அவர். தெரிந்த முகம் கடைசி வரை வரும் என்பது நம் பழக்கம். முதல் காட்சியிலேயே அந்தப் பழக்கத்தை உடைத்துவிட்டால், அப்புறம் படத்தில் யார் இருப்பார், யார் போவார் என்று நம்மால் கணக்குப் போட முடியாது. பிறகு ரேஃப் ஃபைன்ஸ் வரும்போதும் அதே கதிதான்.

அந்த மரணம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ரோபோ இழுத்துப் போகும் சிறிய தள்ளுவண்டியின் சக்கரம் கழன்றுவிடுகிறது. அதனால் மட்டும்தான் சார்ஜென்ட் தாம்ப்சன் (கை பியர்ஸ்) கவச உடையை மாட்டிக்கொண்டு நடக்கிறார். திரும்பி வரும்போது இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் கையில் செல்போன். எல்ட்ரிட்ஜ் சுட வேண்டும். ஒரு நொடி தயங்குகிறான். வெடிக்கிறது. அதிவேகக் கேமராவில் எடுத்த அந்த வெடிப்பில் நெருப்பை விட வேறொன்று என் மனதில் தங்கிவிட்டது. தரையில் கிடக்கும் சரளைக்கற்கள் அப்படியே மேலெழும்புகின்றன. ஓரமாக நிற்கும் பழைய காரின் துரு முழுக்க ஒரே நேரத்தில் தெறித்துக் கிளம்புகிறது. அதிர்வலையைக் கண்ணால் பார்க்க வைத்த காட்சி அது. எல்ட்ரிட்ஜ் படம் முழுக்கத் தூக்கிச் சுமப்பது அந்த ஒரு நொடியைத்தான்.

9. நிஜத்துலயும் இப்படி வயரைக் கையால அறுப்பாங்களா? அந்த உடை போட்டா எதுவும் ஆகாதா?

கையால் தொடுவது கடைசி வழி. முதலில் ரோபோ. பிறகு தூரத்திலிருந்து தண்ணீரை அதிவேகமாகப் பீய்ச்சி, குண்டு வெடிப்பதற்குள் அதன் இணைப்புகளைச் சிதறடிக்கும் கருவி. அல்லது பக்கத்தில் சிறிதளவு வெடிமருந்தை வைத்து, ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு அங்கேயே வெடிக்க வைப்பது. ஜேம்ஸ் பெரும்பாலும் இதையெல்லாம் தாண்டிக் குதித்து நேராகக் குண்டிடம் போகிறான். மண்ணிலிருந்து ஒரு வயரைப் பிடித்து இழுக்க, அவனைச் சுற்றி நாலா பக்கமும் பீரங்கிக் குண்டுகள் மண்ணைப் பிளந்துகொண்டு தலைகாட்டும் காட்சி புகழ்பெற்றது. நிஜத்தில் எந்த வெடிகுண்டு நிபுணரும் எங்கே போகிறது என்று தெரியாத வயரை அப்படி இழுக்க மாட்டார்.

கவச உடை ஹெல்மெட்டோடு சேர்த்து 35 கிலோவுக்குக் குறையாது. சிதறும் துண்டுகளையும் ஓரளவு அழுத்தத்தையும் தாங்கும். விரல்கள் வேலை செய்ய வேண்டும் என்பதால் கைகள் வெறுமனேதான் இருக்கும். பெரிய குண்டுக்குப் பக்கத்தில் நின்றால் உடையால் பயனில்லை, தாம்ப்சனுக்கு நடந்தது அதுதான். ஐ.நா. கட்டடத்துக்கு வெளியே கார் டிக்கி நிறையக் குண்டுகளைப் பார்த்ததும் ஜேம்ஸ் உடையைக் கழற்றிப் போடுகிறானே, அவன் போட்ட கணக்கு தப்பில்லை. ஆனால் அப்புறம் ரேடியோ ஹெட்செட்டையும் தூக்கி எறிகிறான். அதுதான் மன்னிக்க முடியாதது. அவனைக் காவல் காத்துக்கொண்டு, மாடிகளில் கூடும் ஆட்களைப் பார்த்துப் பார்த்து எச்சரிக்கிற சான்போர்னோடு இருந்த ஒரே தொடர்பு அது. வேலை முடிந்ததும் சான்போர்ன் அவனை ஓங்கிக் குத்துகிறான். நியாயமான குத்து.

10. நிஜமான ராணுவக்காரங்க இந்தப் படத்தைத் திட்டுறாங்களே, ஏன்?

பெரும்பாலும் சரியான காரணங்களுக்காகத்தான். ஒரே ஒரு ஹம்வீ வண்டியில் மூன்று பேர், பாதுகாப்புப் படை யாருமில்லாமல் பாக்தாத் தெருக்களிலும் பாலைவனத்திலும் சுற்ற மாட்டார்கள். ஆளில்லாமல் தனியாக முகாமை விட்டு வெளியே போய் ஒருவன் இரவில் திரும்பி வர முடியாது. மூன்று பேரும் பிரிந்து ஆளுக்கொரு சந்தில் எதிரியைத் தேடுவது அவர்கள் வேலையே அல்ல. புள்ளிப் புள்ளியான அந்தச் சீருடை 2005-ல்தான் வழக்கத்துக்கு வந்தது. கதை நடப்பதோ 2004-ல்.

இந்தக் குறைகளில் சீருடையை நான் பொருட்படுத்த மாட்டேன். ஜேம்ஸ் மாதிரி ஒருவனைக் குழு ஒரு வாரம்கூடத் தாங்காது என்று அவர்கள் சொல்வதுதான் கனமான குற்றச்சாட்டு. பொறுமையும் ஒழுங்கும்தான் அந்தத் தொழிலின் உயிர். ஆனால் படம் இதை மறைக்கவில்லை என்பது என் வாதம். ஒரு கர்னல் வந்து, இதுவரை எத்தனை குண்டு எடுத்திருக்கிறாய் என்று கேட்டு, 873 என்று பதில் வாங்கிப் பூரித்துப் போவார். அதே நேரம் ஜேம்ஸின் சொந்தக் குழு அவனைக் கண்டு நடுங்குகிறது. ஒரு கட்டத்தில், அவன் வெடி வைத்த இடத்துக்குக் கையுறையை எடுக்கத் திரும்பிப் போகும்போது, தவறுதலாக வெடித்ததாகச் சொல்லிவிடலாமா என்று சான்போர்னும் எல்ட்ரிட்ஜும் பேசிக்கொள்கிறார்கள். பாராட்டுகிறவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் விலை தெரியும்.

11. பாலைவனத்துல வர்ற அந்த வெள்ளைக்காரங்க யார்? அந்தக் காட்சி ஏன் அவ்வளவு நேரம்?

கூலிக்கு வேலை செய்யும் பிரிட்டிஷ் தனியார் ஆயுதக் குழு. 2003-ல் அமெரிக்க ராணுவம், தேடப்படும் ஈராக் தலைவர்களின் படங்களைச் சீட்டுக்கட்டாக அச்சிட்டு வீரர்களுக்குக் கொடுத்தது. அந்தக் கட்டில் இருந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு, பரிசுப் பணத்துக்காக ஓட்டிப்போகிறார்கள். துப்பாக்கிச் சண்டை மூண்டதும் கைதிகள் தப்பி ஓட, ரேஃப் ஃபைன்ஸின் பாத்திரம் அவர்களைச் சுட்டுவிடுகிறது. உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பணம் ஒன்றுதான் என்று அவருக்கு நினைவு வருகிறது.

நீளம்தான் அந்தக் காட்சியின் பலம். குறிபார்த்துப் படுத்திருக்கும் சான்போர்னின் இமையில் ஈ உட்காருகிறது; அவன் அசைவதில்லை. தோட்டாக்களில் இறந்தவனின் ரத்தம் பட்டுத் துப்பாக்கி சிக்கிக்கொள்ள, எல்ட்ரிட்ஜ் நடுங்கும் கையால் எச்சில் தொட்டுத் துடைக்கிறான். ஜேம்ஸ் ஒரு ஜூஸ் பாக்கெட்டில் ஸ்ட்ராவைக் குத்தி, தான் குடிக்காமல் சான்போர்னின் வாயில் வைக்கிறான். ஜேம்ஸை நல்ல தலைவன் என்று சொல்லக்கூடிய ஒரே இடம் இதுதான். அங்கே அவன் குண்டைத் தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

12. பெக்காம்னு ஒரு பையன் வர்றானே, அந்தப் பிணம் அவனுடையதா இல்லையா?

இல்லை. முகாம் வாசலில் டி.வி.டி. விற்கும் அந்தப் பையன் பின்னால் உயிரோடு வருகிறான்; ஜேம்ஸைப் பார்த்து ஓடி வந்து பேசுகிறான். குண்டு வைத்த அந்தச் சிறுவனின் உடலைக் கண்டபோது, அது அவன்தானா என்று சான்போர்னும் எல்ட்ரிட்ஜும் அப்போதே சந்தேகப்பட்டார்கள். ஜேம்ஸ்தான் முகத்தைப் பார்த்து அவனேதான் என்று முடிவு கட்டினான்.

அந்த முடிவோடு ஒரு வீட்டுக்குள் துப்பாக்கியுடன் நுழைகிறான். அங்கே இருக்கும் பேராசிரியர் அவனை விருந்தாளியாக நினைத்து உட்காரச் சொல்கிறார். அவர் மனைவி தட்டால் அடித்துத் துரத்துகிறார். யாரைப் பழிவாங்க வந்தோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான், எண்ணெய் லாரி வெடித்த இடத்தில் இருட்டுக்குள் ஆளைத் தேடப் போக மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு போகிறான். எல்ட்ரிட்ஜ் காலில் குண்டு பாய்கிறது. அடுத்த முறை பெக்காம் எதிரே வரும்போது ஜேம்ஸ் அவனைத் திரும்பியும் பார்க்காமல் நடப்பது அதனால்தான்.

13. அந்தக் கோர்ட் கேஸ் என்ன ஆச்சு?

திரைக்கதை எழுதிய மார்க் போல் ஈராக்கில் தங்கியிருந்த குழுவைச் சேர்ந்த ஒரு வெடிகுண்டு நிபுணர், ஜேம்ஸ் என்பது தானே என்றும், தன் அனுமதியில்லாமல், தன் பெயர் கெடும்படி எடுத்துவிட்டார்கள் என்றும் 2010-ல் வழக்குப் போட்டார். 2011-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது: நிஜ வாழ்க்கையைக் கச்சாப் பொருளாக எடுத்துக் கலையாக மாற்றுவதற்குக் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரி. ஆனாலும், தன் வாழ்க்கையைத் திரையில் பார்த்ததாக நம்பும் ஒருவரின் ஆதங்கத்தைச் சட்டம் தீர்த்துவைக்காது.

14. உயிரோட வீடு வந்தவன் ஏன் மறுபடி போறான்? பொண்டாட்டி, பிள்ளை எல்லாம் இருக்கே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். படம் தொடங்கும்போதே பத்திரிகையாளர் கிறிஸ் ஹெட்ஜஸின் வாக்கியம் ஒன்றைப் போட்டு, போர் ஒரு போதை என்ற பகுதியை மட்டும் திரையில் நிறுத்துகிறார்கள். போதைதான் காரணம் என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பாதிதான். வீட்டில் வரும் காட்சிகளைப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் தானியப் பெட்டிகள் சுவர் முழுக்க அடுக்கியிருக்க, எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறான். சமையலறையில் மனைவியிடம், சந்தையில் ஒருவன் மிட்டாய் கொடுத்துக் கூட்டம் சேர்த்து வெடித்ததைச் சொல்கிறான். அங்கே ஆள் பற்றவில்லை என்கிறான். அவர் காய்கறியை நறுக்கித் தரச் சொல்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. பதில் சொல்ல முடியாத பேச்சு அது.

அங்கே அவனுக்கு ஒரு திறமை இருக்கிறது, அது தேவைப்படுகிறது. இங்கே அவனுக்கு எதுவுமே செய்யத் தெரியவில்லை. கைக்குழந்தையிடம், வயது ஆக ஆகப் பிடித்த விஷயங்கள் குறைந்துகொண்டே போகும், எனக்கு ஒன்றுதான் மிச்சம் என்கிறான். அடுத்த ஷாட்டில் அவன் மறுபடி ஈராக்கில்; புதுப் படைப்பிரிவு, இன்னும் 365 நாள் என்று எழுத்து வருகிறது. இதை வீரம் என்று பார்ப்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: அதற்குக் கொஞ்சம் முன்னால், வண்டியில் சான்போர்ன் அழுதுகொண்டு பேசுவதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். தான் செத்தால் பெற்றோரைத் தவிர யாருக்கும் அது பெரிதில்லை, எனக்கு ஒரு மகன் வேண்டும் என்கிறான். மகனை வீட்டில் வைத்திருப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான். எனக்கு இந்தப் படத்தின் நாயகன் சான்போர்ன். பயப்பட வேண்டியதற்குப் பயந்து, தன் வேலையையும் ஒழுங்காகச் செய்தவன் அவன்.

15. அப்போ இது போருக்கு எதிரான படமா, ஆதரவான படமா? ஈராக் மக்களை ஆளே இல்லாத மாதிரி காட்டுறாங்களே?

ஆதரவு இல்லை. இந்தப் போரால் ஏதாவது கிடைத்தது என்று படத்தில் ஒருவரும் சொல்வதில்லை. அதே சமயம், ஏன் வந்தார்கள், வந்தது சரியா என்ற கேள்வியையும் எழுப்பவில்லை. அமெரிக்க வீரர்களின் கண் வழியாக மட்டும் பார்க்கிறோம் என்று சொல்லி இதை நியாயப்படுத்தலாம். எனக்கு அது முழுசாகப் போதவில்லை. 3-வது பதிலில் சொன்னது எதுவும் தெரியாமல் பார்க்கிறவருக்கு, ஈராக் என்றால் காரணமே இல்லாமல் குண்டு வைக்கும் ஊர் என்றுதான் தோன்றும். போரில் அதிகம் செத்தவர்கள் ஈராக்கியர்கள். படத்தில் பெயரோடு வரும் ஈராக்கியர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஆனால் படத்துக்கே இது உறுத்துகிறது என்று நினைக்க இடம் இருக்கிறது. தடையை மீறி வந்த டாக்சி ஓட்டுநரை ஜேம்ஸ் துப்பாக்கி முனையில் பின்வாங்க வைக்க, மற்ற வீரர்கள் அவரை இழுத்துத் தரையில் அமுக்குகிறார்கள். இதுவரை தீவிரவாதியாக இல்லாவிட்டாலும் இனி ஆகிவிடுவான் என்று ஜேம்ஸே சொல்கிறான். கடைசிக் கட்டத்தில், இரும்புப் பட்டையில் குண்டைக் கட்டிப் பூட்டிவிடப்பட்ட ஒருவர் தெருவில் நின்று கெஞ்சுகிறார். நடித்தவர் ஈராக்கிய நடிகர் சுஹைல் அல்-தப்பாக். பூட்டுகள் நிறைய, நேரம் இல்லை. ஜேம்ஸ் முடிந்தவரை அறுத்துப் பார்க்கிறான், மன்னிப்புக் கேட்கிறான், ஓடுகிறான். 873 குண்டு எடுத்தவனால் அந்த ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஜோர்டானில் படப்பிடிப்பு நடந்தபோது, போரால் ஊரைவிட்டு வந்து அங்கே தங்கியிருந்த ஈராக்கியர்கள் பலர் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தார்கள். மாடியிலும் கடை வாசலிலும் நின்று பார்க்கும் முகங்களில் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இன்னும் இரண்டு மூன்று பேருக்காவது பேச வாய்ப்புக் கொடுத்திருந்தால், இந்தக் கேள்வியே வந்திருக்காது.